ஹாப்ஸை எப்போது போடுவது, எப்போது அடைப்பது: மெல்போர்ன் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

கல்லிடைக்குறிச்சிக்காரத் தம்பி ஒருவர், இப்போது மெல்போர்னில் இருக்கிறார், கேட்டிருந்தார். கேள்வியின் சுருக்கம் இது. வீட்டில் 20 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் போட்டிருக்கிறார். ஆரம்ப அடர்த்தி 1.052 (கரைந்திருக்கும் சர்க்கரையைக் காட்டும் அளவு, ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும்). பத்தாம் நாள் 1.012-க்கு வந்து நின்றதும் பக்கெட் மூடியைத் திறந்து, 120 கிராம் கேலக்ஸி பெல்லட்டை (பீருக்கு வாசனை தரும் ஹாப்ஸ் பூவில் கேலக்ஸி ஒரு ரகம், பூவை அரைத்து அழுத்திய குளிகைதான் பெல்லட்) நைலான் பையில் கட்டிப் போட்டு, 18 டிகிரியில் மூன்று நாள் வைத்து, பையைப் பிழிந்து எடுத்துவிட்டு, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, 140 கிராம் சீனி சேர்த்து பாட்டிலில் அடைத்திருக்கிறார். முதலில் திறந்த பாட்டில் அருமை. மூன்றாம் வாரத்தில் திறந்தால் பாதி நுரையாக வெளியே போகிறது, ஷெட்டில் ஒன்று வெடித்தே விட்டது, நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது, பேஷன் ஃப்ரூட் வாசனை இருந்த இடத்தில் நெய் மாதிரி ஒரு வாடை. "மூணு நாள் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா அண்ணாச்சி? எந்த நாள்ல போடணும், எந்த நாள்ல எடுக்கணும்? ஆனி மாசம் ஊருக்கு வரும்போது அம்பாசமுத்திரத்து மச்சானுக்கு நாலு பாட்டில் கொண்டு வரலாம்னு இருக்கேன்" என்று முடித்திருந்தார்.

தம்பி, பாட்டிலை முதலில் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்று வெடித்தால் மீதியும் அதே அழுத்தத்தில்தான் இருக்கும். கனமான ஜாக்கெட், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி, பைய ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்தால் வாயு பீரில் கரைந்து அழுத்தம் இறங்கும். இரண்டு நாள் கழித்து துண்டோடு சேர்த்துப் பிடித்து, மூடியை லேசாக நெம்பி, உஸ்ஸென்ற சத்தம் அடங்கியதும் புது மூடி போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், குளிர்ந்தபின் எல்லாவற்றையும் திறந்து சிங்கில் கொட்டிவிடுங்கள். சவம், பீர் போனால் போகட்டும்.

சரி, கேள்விக்கு வருவோம். மூன்று நாள் என்பதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டாக இருந்திருந்தாலும் ஐந்தாக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பெங்களூரில் மைக்ரோபுரூவரிகளில் வேலை பார்த்த காலத்திலிருந்து இன்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும்வரை என்னிடம் வருகிற டிரை ஹாப்பிங் (நொதித்த பீரில் ஹாப்ஸ் போடுவது) கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த நாள்" என்றுதான் ஆரம்பிக்கும். நாளைப் பார்த்துப் போடுவதில்தான் சிக்கலே இருக்கிறது. ஹாப்ஸைப் போடும்போது ஈஸ்ட் என்ன நிலையில் இருக்கிறது, போட்ட பிறகு அடர்த்தி நின்றுவிட்டதா, நடுவில் எவ்வளவு காற்று உள்ளே போனது, இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. காலண்டருக்கு இதில் வேலை ரொம்பக் குறைவு.

ஹாப்ஸைக் கொதிக்கிற வோர்ட்டில், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில், போட்டால் அதிலிருக்கும் ஆல்பா அமிலம் உருமாறி கசப்பாகிறது, வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடுகிறது. நொதித்த, கொதிக்காத பீரில் போட்டால் அந்த எண்ணெய் தங்கும். நம்ம ஊர் சொதியில் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே கணக்குதான். கசப்பே ஏறாது என்று சிலர் எழுதுவார்கள், அது முழு உண்மை இல்லை. பழைய ஹாப்ஸில் ஏற்கனவே ஆக்சிஜன் ஏறி உண்டான ஹியூமுலினோன் என்ற பொருள்கள் குளிர்ந்த பீரிலும் கரையும், அவையும் கசக்கும், கொதித்து வருகிற கசப்பைவிடக் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பாட்டில் ஏன் வெடித்தது என்று பார்ப்போம். ஹாப்ஸ் வெறும் வாசனைப் பொருள் இல்லை, அது ஒரு செடியின் பூ. மாவுச்சத்தை உடைக்கிற என்சைம்கள் அதில் இயல்பாகவே இருக்கின்றன. நொதித்து முடிந்த பீரில் ஈஸ்டால் தின்ன முடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகள், டெக்ஸ்ட்ரின் என்பார்கள், மிச்சம் கிடக்கும். பீருக்கு ஒரு கனம் கொடுப்பது அவைதான். ஹாப்ஸ் உள்ளே போனதும் அதன் என்சைம்கள் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பிக்கும். வெட்டிய துண்டு ஈஸ்டுக்குத் தின்னத் தோதாக இருக்கும். தூங்கின ஈஸ்ட் எழுந்து மறுபடி வேலையை ஆரம்பிக்கும். 1.012-இல் நின்றுவிட்டது என்று நீங்கள் நினைத்தது, ஹாப்ஸ் போடாத பீருக்குச் சரியான முடிவு. ஹாப்ஸ் போட்ட நிமிஷத்திலிருந்து அதற்கு வேறொரு முடிவு. ஹாப் கிரீப் என்று இதைச் சொல்கிறார்கள்.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் பிரவுன், மோரிஸ் என்ற இருவர் 1893-லேயே, பீப்பாயில் ஹாப்ஸ் போட்டால் பீர் மறுபடி வேலை செய்வதற்கு ஹாப்ஸில் இருக்கும் என்சைம்தான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்து பீப்பாய் பீருக்கு அது உபகாரம், உள்ளே இயற்கையாக வாயு ஏறும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிட்டருக்குப் பத்து கிராம், பதினைந்து கிராம் என்று ஹாப்ஸை அள்ளிப் போடுகிற ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஒரு பீர் வகை) மோகம் வந்து, அமெரிக்காவில் டின்கள் உப்ப ஆரம்பித்த பிறகுதான் பழைய கட்டுரையைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டருக்கு 140 கிராம் சீனி என்றால் லிட்டருக்கு 7 கிராம். ஏற்கனவே பீரில் கரைந்திருப்பதோடு சேர்த்தால் 2.7 வால்யூம் அளவுக்கு வாயு ஏறும், அதாவது ஒரு லிட்டர் பீரில் 2.7 லிட்டர் கரியமில வாயு. பேல் ஏலுக்கு இதுவே கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பரவாயில்லை. அடர்த்தி அளக்கிற மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி, அதாவது 1.012 என்பது 1.011 ஆக இறங்கினால், அது மட்டுமே சுமார் அரை வால்யூம் வாயு கொடுக்கும். நீங்கள் போட்ட அளவு ஹாப்ஸுக்கு இரண்டு மூன்று புள்ளி இறங்குவது சர்வ சாதாரணம். மூன்று புள்ளி என்று வையுங்கள், ஒன்றரை வால்யூம் கூடி 4.2 ஆகிறது. சாதாரண பீர் பாட்டிலுக்கு 3-ஐத் தாண்டினாலே பயம்தான். சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலை ஊற்றி, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டு அளந்து பாருங்கள். 1.009 பக்கம் காட்டினால் விஷயம் உறுதி.

நீங்கள் ஹாப்ஸ் போட்ட மூன்றாம் நாளே குளிரவைத்ததுதான் இதில் முக்கியமான திருப்பம். குளிரில் ஈஸ்ட் அடங்கியது, என்சைம் மெதுவானது. இரண்டுமே சாகவில்லை. பாட்டிலில் அடைத்து ஷெட்டில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. நெய் வாடையும் அங்கிருந்து வந்ததுதான். ஈஸ்ட் மறுபடி நொதிக்கும்போது ஒரு பொருளை வெளியே விடும், அது பீரிலேயே டையசெட்டைலாக மாறும், வெண்ணெய் மிட்டாய் மாதிரி வாடை அடிப்பது அதுதான். சூடும் நேரமும் கொடுத்தால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்யும். அதனால், வாயுவை இறக்கி மறுபடி மூடிய பாட்டிலில் ஒன்றிரண்டை மட்டும், மூடி போட்ட கனமான பெட்டிக்குள் வைத்து, சாதாரண அறைச் சூட்டில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், வாடை போக வாய்ப்பிருக்கிறது. பழ வாசனை மட்டும் திரும்பாது. அதற்குக் காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

ஹைட்ரோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. பலர் அளவையே தப்பாகத்தான் எடுக்கிறார்கள். மாதிரியை உருளையில் ஊற்றியதும் ஹைட்ரோமீட்டரின் தண்டில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டும், அது கருவியையே தூக்கிப் பிடிக்கும், 1.010 இருப்பது 1.013 மாதிரி தெரியும். விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட்டு, குமிழி எல்லாம் கழன்று, ஆட்டம் நின்ற பிறகு கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பார்த்த மாதிரியைப் பக்கெட்டில் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துவிடுங்கள், ருசி பார்த்த மாதிரியும் ஆச்சு. ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஆல்கஹால் வந்த பிறகு அதை நேரடியாக நம்பவே கூடாது.

அப்போ எப்போது போடுவது? மூன்று கட்டம் இருக்கிறது, மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

முதலாவது, நொதித்தல் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே போடுவது. கலங்கலாகப் பழச்சாறு மாதிரி இருக்கும் நியூ இங்கிலாந்து ஐபிஏ செய்கிறவர்கள் இதை விரும்புவார்கள். காற்று பற்றிய கவலை இல்லை, உள்ளே போகிற ஆக்சிஜனை ஈஸ்ட் தின்றுவிடும். ஹாப்ஸின் சில வாசனைப் பொருள்களை ஈஸ்ட் வேறொன்றாக மாற்றவும் செய்யும், உதாரணமாக ரோஜா வாசனை தருகிற ஜெரானியால் எலுமிச்சை வாடையுள்ள சிட்ரோனெல்லாலாக மாறுவது ஆய்வில் நிரூபணமான விஷயம். ஆனால் ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் மாட்டும் தண்ணீர் அடைப்பு) குமிழி போகும்போது வீடே மணக்கும் பாருங்கள், அந்த மணம் எல்லாம் உங்கள் டம்ளருக்கு வர வேண்டியது. ஈஸ்ட் படியும்போதும் எண்ணெயில் ஒரு பங்கைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். என்னைக் கேட்டால் விலை கொடுத்து வாங்கிய கேலக்ஸியை இந்தக் கட்டத்தில் போடுவது கோட்டிக்காரத்தனம். போட்டே ஆக வேண்டும் என்றால் மொத்தத்தில் கால் பங்கு போடுங்கள்.

இரண்டாவது, முடியப்போகிற நேரம். 1.012-இல் முடியும் என்று எதிர்பார்த்தால் 1.016 பக்கம் வந்ததும் போடுவது. உங்களைப் போல கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல், பக்கெட்டும் பாட்டிலுமாகச் செய்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். மூடியைத் திறக்கும்போது நுழைகிற காற்றைத் தின்ன ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கும். மேலே இருக்கும் வெற்றிடத்தை அதுவே மறுபடி வாயுவால் நிரப்பிவிடும். என்சைம் உண்டாக்குகிற புதுச் சர்க்கரை நடந்துகொண்டிருக்கும் நொதித்தலோடு சேர்ந்து கரைந்து போகும், நெய் வாடையைச் சுத்தம் செய்யவும் அங்கே ஆள் இருக்கும். வாசனையில் கொஞ்சம் இழப்பு உண்டுதான். ஆனால் சிலிண்டர் இல்லாமல் முடிந்த பிறகு திறந்து போட்டால் ஆகிற இழப்பைவிட அது குறைவு.

மூன்றாவது, முழுக்க முடிந்து, டையசெட்டைலும் போய், 14 டிகிரி வாக்கில் குளிரவைத்து ஈஸ்டைப் படியவிட்டு, அடியில் வடித்து எடுத்துவிட்டு, அதன்பின் ஹாப்ஸ் போட்டு இரண்டு மூன்று நாளில் எடுப்பது. புரூவரிகளில் இது நிறைய நடக்கிறது, வாசனை பளிச்சென்று நிற்கும். ஈஸ்ட் குறைவு, சூடு குறைவு என்பதால் கிரீப்பும் மெதுவாகும். ஆனால் இதற்கு அடிக்கூம்பு வைத்த தொட்டி வேண்டும், வாயு சிலிண்டர் வேண்டும், கடைசியில் பீர் கெக் என்ற உலோகப் பீப்பாய்க்குப் போய்க் குளிரிலேயே இருக்க வேண்டும். நீங்கள் செய்தது இந்த முறையின் முதல் பாதி, பாட்டில்காரர்களின் இரண்டாம் பாதி. இரண்டும் ஒட்டவில்லை.

எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதற்கு இப்போது பதில் சுலபம். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வுல்ஃப் என்பவர் 2012-இல் இதையே ஆய்வேடாகச் செய்தார். பெல்லட்டிலிருந்து வாசனை எண்ணெய் இறங்குவது நாம் நினைப்பதைவிட வெகு வேகம், பீரைச் சுழலவிட்டால் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி வந்துவிடுகிறது, சும்மா வைத்தாலும் ஒரு நாளில் நிறைய வந்துவிடும். எனவே ஊறுவதற்கு இரண்டு மூன்று நாள் தாராளம். ஏழு நாள், பத்து நாள் என்று பழைய புத்தகங்களில் இருப்பது முழுப் பூவாகப் போட்ட காலத்துப் பழக்கம். முழுப் பூ மிதக்கும், உள்ளே நனையவே நாளாகும்.

அதற்காக நான்காம் நாள் எடுக்காவிட்டால் புல் வாடை வந்துவிடும் என்று அலறவும் வேண்டாம். இங்கிலாந்தில் பீப்பாயில் பூவைப் போட்டு அப்படியே பப்புக்கு அனுப்பினார்கள், பீர் தீரும்வரை உள்ளேதான் கிடந்தது. பச்சைப்புல் வாடைக்கு நாளைவிட அளவும் ஹாப்ஸின் தரமும்தான் அதிகக் காரணம் என்பது என் எண்ணம். அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் வந்த ஒரு ஆய்வில் கேஸ்கேட் ஹாப்ஸை வெவ்வேறு அளவில் போட்டுப் பார்த்தார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் எலுமிச்சை வாசனை அதே விகிதத்தில் ஏறவில்லை, தேயிலை, மூலிகை வாடைதான் தூக்கலாகியது. 4 முதல் 8 கிராம்வரை நல்ல இடம் என்று முடித்திருந்தார்கள். உங்களுடையது 6. அங்கேயும் தப்பில்லை.

ஆக, ஊறுவதற்கு மூன்று நாள், ஆனால் அடைப்பதற்கு மூன்று நாள் போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் உங்கள் பாட்டிலைத் தூக்கியது. ஹாப்ஸ் போட்ட பிறகு 18, 20 டிகிரியிலேயே விட்டு, மூன்றாம் நாள் ஒரு அளவு, ஆறாம் நாள் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் குளிரவைப்பதைப் பற்றியே யோசிக்கலாம். இறங்கியிருந்தால் இன்னும் மூன்று நாள். அதுவரை ஹாப்ஸ் உள்ளே கிடந்தால் கிடக்கட்டும். நெய் வாடை வருமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு சின்ன ஜாடியில் பீரை எடுத்து, ஒன்றை மூடி 60, 65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு ஆறவிட்டு இரண்டையும் மோந்து பாருங்கள். சூடுபட்டதில் மட்டும் நெய் வாடை அடித்தால் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், அடைக்கக் கூடாது. மாஷ் செய்யும்போது, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, 68, 69 டிகிரி வைத்திருந்தீர்களானால் டெக்ஸ்ட்ரின் நிறைய இருக்கும், கிரீப்புக்கும் தீனி அதிகம், அதற்கேற்பக் கூடுதல் நாள் விடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு ஈட்டிலும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி மற்ற பாட்டிலோடு வையுங்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் கல்லாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், கண்ணாடி வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது நிறம் மாறியதற்கும் பழ வாசனை போனதற்கும் வருகிறேன். அது முழுக்க ஆக்சிஜன். முடிந்து போன பீரில் மூடியைத் திறந்தது ஒன்று. பைக்குள் பெல்லட்டோடு சேர்ந்து போன காற்று இன்னொன்று. பையைப் பிழிந்து எடுத்தீர்களே, அது மூன்றாவது, அதுதான் மோசம். ஒவ்வொரு சொட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுகிறது. நாலாவது பலருக்குத் தெரியாது. 18 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் குளிரவைக்கும்போது மேலே இருக்கும் வாயு சுருங்கும், கொஞ்சம் பீரிலும் கரையும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஏர்லாக் வழியாக வெளிக்காற்றை இழுக்கும், ஏர்லாக்கில் இருந்த தண்ணீரையும் சேர்த்து. காலையில் பார்க்கும்போது ஏர்லாக் காலியாக இருந்ததா? இருந்திருக்கும்.

ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர் காற்றுக்கு மற்ற எந்த பீரையும்விடச் சீக்கிரம் சாகும். வாசனை முதலில் போகும், பிறகு இளம் மஞ்சள் நிறம் சாம்பல் கலந்த பழுப்பாகும், மூக்கில் ஒரு மந்தமான தேன் இனிப்பு வாடை நிற்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், விளிம்பில் தெரியும். அதைத் திருப்ப வழியே கிடையாது.

சிலிண்டர் இல்லாமல் இதைக் குறைக்கலாம். 1.016-இல் போடுவது பாதி வேலையை முடித்துவிடும். மூடியை முழுக்கக் கழற்றாமல் ஒரு ஓரம் மட்டும் தூக்கிப் போட்டு உடனே மூடுங்கள். பையே வேண்டாம், பெல்லட்டை நேராகப் போடுங்கள். கரைந்து, சில நாளில் அடியில் படியும், குளிரவைத்தால் இன்னும் நன்றாகப் படியும். பாட்டிலுக்கு இறக்கும் குழாயின் வாயில் கொதிநீரில் போட்டெடுத்த சல்லடைத் துணியைக் கட்டினால் போதும். வேறு வாளிக்கு மாற்றி டிரை ஹாப் செய்யச் சொல்லும் குறிப்புகளைப் படித்தால் அப்படியே கடந்து போங்கள், காற்றைத் தவிர அதில் வேறெதுவும் சேராது. குளிரவைக்கும் முன், நொதித்தல் வேகமாக இருக்கும்போதே ஏர்லாக் இடத்தில் ஒரு பலூனை மாட்டி வாயுவை நிரப்பிக் கட்டி வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் வைக்கும்போது அதை மாட்டிவிட்டால், சுருங்கும்போது பலூனிலிருந்து கரியமில வாயுவையே இழுத்துக்கொள்ளும். வாளி சிறியது, பீர் 20 லிட்டர்தான் என்றால் குளிரவைப்பதையே விட்டுவிடலாம். கொஞ்சம் கலங்கலாக இருந்தால் யாருக்கு என்ன?

மிச்சம் சில்லறைச் சங்கதிகள். பையில்தான் போடுவேன் என்றால், பெல்லட் ஊறி பல மடங்கு உப்பும் என்பதை நினைவில் வைத்துப் பெரிய பையாக எடுங்கள், இறுக்கிக் கட்டினால் நடுவில் காய்ந்தே கிடக்கும். வாயு கரைந்திருக்கும் பீரில் மொத்தப் பெல்லட்டையும் ஒரேயடியாகக் கொட்டினால் நுரை பொங்கி மூடியைத் தூக்கும், பிடிப்பிடியாகப் போடுங்கள். கிருமி வரும் என்று பயந்து ஹாப்ஸைக் கொதிக்கவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாசனையைக் கொன்றுவிட்டு வெறும் இலையைப் போடுவதற்குச் சமம் அது. ஹாப்ஸே பாக்டீரியாவை அடக்குகிற பொருள், ஆல்கஹாலும் புளிப்பும் உள்ள பீரில் அதனால் ஆபத்து ரொம்பக் குறைவு, கத்தரியையும் கையையும் சுத்தமாக வைத்தால் போதும். பாக்கெட்டைத் திறந்ததும் மோந்து பாருங்கள். பச்சை மங்கிப் பழுப்பேறி, பழைய சீஸ் வாடை அடித்தால் குப்பைக்குத்தான். கேலக்ஸி உங்கள் விக்டோரியாவிலேயே விளைகிறது, மார்ச் வாக்கில் அறுவடை, அதனால் அறுவடை வருஷத்தைப் பார்த்து வாங்குவது உங்களுக்குச் சிரமமே இல்லை. மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். புதிதாக அடைத்த கேலக்ஸி பீர் தொண்டையில் அறுக்கிற மாதிரி இருந்தால் அது மிதக்கிற ஹாப்ஸ் தூள், ஒரு வாரம் ஃபிரிட்ஜில் நின்றால் படியும். வீட்டில் நாய் இருந்தால் கழித்த ஹாப்ஸைத் தோட்டத்து உரக்குழியில் போடாதீர்கள். நாய் தின்றால் உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்து, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக மச்சானுக்குக் கொண்டு வருகிற விஷயம். சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர்வரை வரி இல்லாமல் விடுவார்கள், அது பிரச்சினை இல்லை. இப்போது கையில் இருக்கும் ஈட்டில் ஒரு பாட்டிலைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள், வேட்டி சட்டையெல்லாம் நாறிப்போகும் என்பது சின்னக் கவலை, கண்ணாடி சிதறுவது பெரிய கவலை. அடுத்த ஈடு நன்றாக வந்தாலும் எனக்குத் தயக்கம்தான். பீர்க்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் ஒரே அளவு கிழடாகும் என்று. ஆனியில் அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் காற்று குளுகுளுவென்று இருக்கும் என்பதெல்லாம் சரி, ஆனால் சென்னை ஏர்போர்ட்டில் காத்திருந்து, தூத்துக்குடியில் இறங்கி, கார் டிக்கியில் ஊர் வந்து சேர்வதற்குள் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட வாசனை இருக்காது. டிரை ஹாப் செய்த பீர் அடைத்த இடத்திலேயே, வாயு ஏறிய கையோடு ஃபிரிட்ஜில் வைத்து, ஆறேழு வாரத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு. மச்சானுக்குக் கொண்டு வருவதானால் ஹாப்ஸ் குறைவாக, மால்ட் தூக்கலாக ஒரு கறுப்பு ஸ்டவுட் போடுங்கள், அது பயணத்தைத் தாங்கும்.

"அப்போ ஊருக்கு வந்து மச்சான் வீட்டு மாடியிலேயே போட்டுக் காட்டுறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குப் போட்டுக் குடிக்கலாம். இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், பீர் என்றாலும் அதேதான். நம்ம பனையில் இறக்குகிற கள்ளுக்கே 1987-லிருந்து தடை. ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த ஈட்டில் இப்படிச் செய்யுங்கள்: அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே 120 கிராம். 1.016-இல் நேராகப் போடுங்கள், 19 டிகிரியிலேயே விடுங்கள், மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் அளவெடுங்கள், சீனியை 120 கிராமாகக் குறையுங்கள். அடைக்கும் முன் அந்த இரண்டு அளவையும் எனக்கு எழுதுங்கள். ஆறாம் நாள் அளவு 1.012-க்குக் கீழே போயிருந்தால் பயப்பட வேண்டாம், போகத்தான் செய்யும். இரண்டு அளவும் ஒன்றாக இல்லை என்றால் மட்டும் மூடி அடிக்கும் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள்.